செல்லம்மாளின் முறத்தில் இருந்த அரிசி

அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் அன்பர் ஒருவர், டிசம்பர் 11 அன்று பாரதியார் பிறந்தநாளுக்காக அங்குள்ள பிள்ளைகளை வைத்து ஒரு சிறு நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறார். செல்லம்மாள் வேடத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். பாரதியார் வீட்டில் உண்மையிலேயே சச்சரவு இருந்ததா? செல்லம்மாள் கணவரைப் புரிந்துகொள்ளாத மனைவியா? பாட்டுகளின் உரிமையை அவர் விற்றுவிட்டார் என்று சிலர் குறை சொல்கிறார்களே, அது சரியா?

நான் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு மேடையில், இடுப்பில் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "அரிசியை எல்லாம் இறைத்துவிட்டீர்களே" என்று கத்தும் ஒரு சிறுமியைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் சிரிக்கும். கவிஞர் பாடுவார், கூட்டம் கைதட்டும். அந்தச் சிரிப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தத்தைத் தந்திருக்கிறது. அதனால் இந்தக் கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே விடை எழுதுகிறேன்.

முதலில் வயதுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1882இல் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியத்துக்கு 1897இல் திருமணம் நடந்தபோது பதினைந்து வயது நிறையவில்லை. கடையத்துப் பெண் செல்லம்மாளுக்கு ஏழு வயது. அடுத்த ஆண்டே மாப்பிள்ளையின் தந்தை சின்னச்சாமி ஐயர் காலமானார். பிள்ளை அத்தை வீட்டுக்குக் காசிக்குப் போனான். பெண் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். காசியிலிருந்து அவர் செல்லம்மாளுக்கு எழுதிய ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. அங்கே அவர் தவறான வழியில் போவதாக யாரோ சொல்லிப் பயமுறுத்த, அந்தச் சிறு பெண் கவலைப்பட்டு எழுதியிருக்கிறாள். அவர், நீ பயப்படும்படியாக நான் ஒன்றும் செய்யவில்லை, இப்படிக் கவலை வரும் நேரங்களில் தமிழை நன்றாகப் படித்து வந்தால் நான் மிகவும் மகிழ்வேன் என்று பதில் எழுதினார். கடிதம் அன்பானதுதான். ஆனால் பின்னால் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் எனக்கு அதிலேயே தெரிகிறது. பயம் முழுவதும் அவளிடம் இருக்கிறது. அவரிடமிருந்து வருவது தமிழ்.

1904இல் அவர் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்து, அந்த ஆண்டின் முடிவில் சுதேசமித்திரன் நாளிதழில் வேலைக்காகச் சென்னைக்கு வந்தார். மூத்த மகள் தங்கம்மாள் பிறந்ததும் 1904இல்தான். சென்னையில் இந்த நான்கு ஆண்டுகளைத்தான் அந்தக் குடும்பத்தின் ஓரளவு ஒழுங்கான காலம் என்று சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் என்ற ஒன்று இருந்தது. 1906 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்குப் போனபோது அவர் விவேகானந்தரின் சீடரான நிவேதிதா தேவியைச் சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்க, அது எங்கள் வழக்கமில்லை என்று பாரதியார் சொல்ல, மனைவிக்கே விடுதலை தராதவர் நாட்டுக்கு எப்படி விடுதலை வாங்கித் தருவார் என்று நிவேதிதா கடிந்துகொண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1908இலும் 1909இலும் வெளிவந்த தம் பாட்டு நூல்கள் இரண்டை அவர் நிவேதிதாவுக்கே காணிக்கையாக்கினார். பெண் விடுதலை என்ற எண்ணம் அவருக்குள் வேர்பிடித்த இடங்களில் அந்தச் சந்திப்பு முக்கியமானது. ஆனால் வெளியூரில் ஒரு மாலையில் கற்றுக்கொண்ட அந்தப் பாடத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அதன்படி வாழ்ந்து காட்ட வேண்டியவர் பதினாறு வயதுச் செல்லம்மாள். தெருவில் கணவன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது பாரதியாருக்கு ஒரு கொள்கை. திண்ணைகளில் உட்கார்ந்திருந்தவர்களின் பார்வையும் பேச்சும் மறுநாள் கிணற்றடியில் செல்லம்மாளைத்தான் வந்து சேர்ந்தன.

1908இல், பாரதியார் உண்மையில் நடத்திவந்த 'இந்தியா' பத்திரிகையின் ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசன் கைது செய்யப்பட்டார். அடுத்தது பாரதியார்தான் என்ற நிலையில் நண்பர்கள் அவரைப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போகச் சொன்னார்கள். அவர் போனார். இரண்டாவது மகள் சகுந்தலா பிறந்ததும் அதே ஆண்டில். கைக்குழந்தை, நான்கு வயதுக் குழந்தை, பக்கத்தில் இல்லாத கணவன் என்று அந்த ஆண்டு செல்லம்மாளுக்கு எப்படிப் போயிருக்கும் என்பதை நம் பாரதி மேடைகளில் யாரும் நடித்து நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லத் தயங்குகிறேன். ஆனால் மறைந்திருந்த மனத்தாங்கல்களைப் பற்றிக் கேட்டிருப்பதால் சொல்லாமல் விடவும் முடியாது. 1910இல் பாரதியார் 'கனவு' என்ற தலைப்பில் தம் வாழ்க்கையைப் பாட்டாக எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு அரசாங்கம் அதைத் தடை செய்தது. அதில் பத்து வயதில் ஒரு சிறுமி மீது தமக்கு ஏற்பட்ட பிள்ளைக் காதலை மிக உருக்கமாகப் பாடிவிட்டு, "ஈங்கோர் கன்னியைப் பன்னிரண் டாண்டனுள் எந்தை வந்து மணம்புரி வித்தனன்" என்று தம் திருமணத்தைச் சொல்கிறார். வயதுக் கணக்கு மட்டும் பாட்டில் மாறியிருக்கிறது. அவருடைய கோபம் குழந்தை மணம் என்ற வழக்கத்தின் மீதுதான். செல்லம்மாள் மீது அதில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. ஆனாலும் அந்த 'ஈங்கோர் கன்னி' அப்போது இருபது வயதுப் பெண்ணாக, இரண்டு குழந்தைகளுக்குத் தாயாக, அதே வீட்டில் அவருக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். கணவனின் முதல் காதல் வேறொருத்தி மீது என்பதும், தன்னை மணந்தது தகப்பனார் சொல்லுக்காக என்பதும் அச்சில் வந்து ஊரார் படிக்கும்போது ஒரு மனைவி என்ன நினைத்திருப்பாள்? அவர் இதைப் பற்றி எங்காவது பேசியதாக நான் படித்ததில்லை. கவிஞர் தம் மனத்தைத் திறந்து பாடிய உண்மை என்று நாம் போற்றும் அந்த வரிகளை, அந்த வீட்டின் அடுக்களையிலிருந்து ஒரு முறையாவது படித்துப் பார்க்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி அரிசிக்கு வருகிறேன். புதுச்சேரி வாழ்க்கை பத்து ஆண்டுகள் நீண்டது. 'இந்தியா' 1910இல் நின்றுபோன பிறகு நிலையான வருமானம் கிடையாது. தபாலில் வருவதை வேவுகாரர்கள் வழியிலேயே மறித்தார்கள். வீட்டைச் சுற்றிலும் பிரிட்டிஷ் போலீஸின் ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக்காரர் வாடகைக்காக வற்புறுத்தாத நல்ல மனிதர். பாரதியார் அவருக்கு விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று பெயர் வைத்திருந்ததை வ. ராமசாமி எழுதியிருக்கிறார். ஆனால் அரிசிக் கடைக்காரர்கள் எல்லாரும் அப்படி இருக்க முடியாது. அந்த நிலையில்தான் நாம் எல்லாரும் கதையாகக் கேட்டிருக்கும் அந்த நிகழ்ச்சி நடந்தது. செல்லம்மாள் சமையலுக்காக வைத்திருந்த அரிசியை எடுத்துப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்துவிட்டு, அவை கொத்துவதைப் பார்த்து ஆனந்தப்பட்டார்.

முறத்தில் அரிசி ஆய்வதை நேரில் பார்க்காத பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியின் கனம் தெரியாது. என் அம்மா திருவல்லிக்கேணியில் எங்கள் ஒண்டுக்குடித்தன வீட்டின் முற்றத்தில் ரேஷன் அரிசியை ஆய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் புடைத்து உமியையும் தூசியையும் தள்ளுவார். பிறகு முறத்தைச் சற்றே சாய்த்து, ஒரு கைப்பிடி அரிசியை மட்டும் விளிம்புக்கு இழுத்து, ஆள்காட்டி விரலால் பரப்பிப் பார்ப்பார். கல், கறுப்பு நெல், உமி நீங்காத மணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, பார்த்த அரிசியை முறத்தின் மறுபக்கம் ஒதுக்குவார். நொய்யைத் தனியாக எடுத்துவைப்பார். அது மறுநாள் காலைக் கஞ்சிக்கு. ஆறு பேருக்கான அரிசியை ஆய்ந்து முடிப்பதற்குள் நிழல் முற்றத்தின் பாதியைத் தாண்டிவிடும். அத்தனை நேரமும் முதுகை நிமிர்த்த முடியாது. ஒரு கல் தப்பிவிட்டால் சாப்பாட்டில் அது அகப்படுவது பெரும்பாலும் அப்பாவின் பல்லில்தான். பேச்சு வாங்குவது அம்மா. முறத்தில் ஆய்ந்து வைத்த அரிசி என்பது ஒரு பெண்ணின் அரைப் பகல். அதுவும் கைமாற்றாக வாங்கிய அரிசி என்றால், பக்கத்து வீட்டு வாசலில் சொம்பையோ படியையோ நீட்டிக்கொண்டு நின்ற கூச்சமும் அதில் சேர்ந்திருக்கும்.

"காக்கை குருவி எங்கள் ஜாதி" என்ற வரியைத் தமிழ் உள்ளவரை பாடுவோம். அந்த வரியைப் பாடியவரின் உள்ளம் பொய்யானது இல்லை; குருவியின் பசி அவருக்கு உண்மையாகவே தம் பசியைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அன்று மாலைக்குள் மறுபடியும் அரிசி தேட வேண்டியவர் அவர் இல்லை. செல்லம்மாள் கோபித்துக்கொண்டார் என்றால், குழந்தைகளுக்கு என்ன கொடுப்பது என்று அழுதார் என்றால், அதில் புரியாமை என்ன இருக்கிறது? அன்பு இருக்கும் வீட்டில் அடுப்புக்குப் பொறுப்பேற்ற ஒருவர் வேறு எதைச் செய்திருக்க முடியும்?

பாரதியாருக்கு இது தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். என்னை மிகவும் அசைத்த சான்று அவருடைய எழுத்திலேயே இருக்கிறது. 1915 வாக்கில் நாட்குறிப்பைப் போல அவர் எழுதிய 'சித்தக் கடல்' என்ற உரைநடைப் பகுதியைப் படித்துப் பாருங்கள். பராசக்தியோடு சண்டை போடுகிறார். உனக்குக் காது கேளாதா என்று கேட்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து நீங்கியதைச் சொல்கிறார். அந்த நாள்களில் தாமும் செல்லம்மாளும் இரவும் பகலும் புழுத் துடிப்பதைப்போலத் துடித்ததைச் சொல்கிறார். உணவு செல்லவில்லை, எப்போதும் சஞ்சலம், பயம், பயம், பயம் என்று எழுதுகிறார். கடன்காரர்களால் வரும் அவமானம் தீர வேண்டும் என்று கெஞ்சுகிறார். "அச்சமில்லை அச்சமில்லை" என்று பாடிய அதே கை, மூன்று முறை 'பயம்' என்று எழுதியிருக்கிறது. அந்த வாக்கியத்தில் அவர் செல்லம்மாளைத் தம்மோடு சேர்த்தே சொல்கிறார், துடித்தது இருவரும். ஆகையால் ஒருவர் வானத்தில் பறந்தார், மற்றவர் தரையில் புலம்பினார் என்று அந்த வீட்டை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது சரியாகாது. பயம் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது. அதைக் கொட்டி வைக்க அவருக்குத் தாளும் மையும் பராசக்தியும் இருந்தார்கள். செல்லம்மாளுக்கு அந்த வழி இல்லை. அவர் தம் பயத்தை வாய்விட்டுச் சொன்னால் அது முணுமுணுப்பு என்று பெயர் பெற்றது.

'காணி நிலம் வேண்டும்' பாட்டையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கனவு வீட்டில் அழகிய தூண்களும் மாடங்களும் இருக்கின்றன, கேணி இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு தென்னை மரங்கள், நிலவொளி, குயிலோசை, இளந்தென்றல் எல்லாம் வருகின்றன. பாட்டுக் கலந்திட ஒரு பத்தினிப் பெண்ணும் வருகிறாள். அடுப்பு வரவில்லை. நெல் குதிரும் வரவில்லை. பல ஆண்டுகள் இந்தப் பாட்டை வகுப்பில் நடத்திய பிறகு ஒரு நாள்தான் இது எனக்கு உறைத்தது. வாடகை வீட்டில், கடனுக்கு வாங்கிய அரிசியில் வாழ்ந்த ஒருவருக்கு அடுப்பில்லாத வீடுதான் விடுதலையாகத் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பணம் தவிர, சாதியும் அந்த வீட்டில் ஒரு நெருக்கடியாக இருந்தது. கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞருக்குப் பாரதியார் தம் வீட்டில் பூணூல் அணிவித்தார். அந்தக் கனகலிங்கமே பின்னாளில் தம் குருநாதரைப் பற்றி நூல் எழுதினார். எல்லாச் சாதியாரும் அந்த வீட்டில் உட்கார்ந்து உண்டார்கள். வேலைக்கு வந்த அம்மாக்கண்ணுவைக்கூட அவர் பாட்டில் ஏற்றினார். இதில் செல்லம்மாளின் பங்கைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அக்கிரகாரத்தில் பிறந்து, அதன் ஆசாரங்களைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் வளர்ந்த ஒரு பெண் அந்த வீட்டில் பரிமாறினார். மனம் ஒப்பித்தான் எல்லா நாளும் பரிமாறினாரா என்று கேட்டால், இல்லை என்றே நினைக்கிறேன். வளர்ந்துவரும் இரண்டு பெண்களுக்கு எந்த வீட்டிலிருந்து மாப்பிள்ளை வருவான் என்ற கேள்வி அவர் நெஞ்சில் இருந்திருக்கும். புதுச்சேரியில் பாரதியாருக்கு ஏற்பட்ட போதைப் பழக்கத்தைப் பற்றி அவரை நேசித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் நாடகத்தில் அது வேண்டாம். ஆனால் செல்லம்மாளின் பாரங்களை எண்ணும்போது அதையும் விட்டுவிட முடியாது.

1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியபோது அவர் கடலூரில் கைதானார். டிசம்பரில் விடுதலையான பிறகு குடும்பம் போய்ச் சேர்ந்த இடம் கடையம், செல்லம்மாளின் பிறந்த ஊர். எந்த அக்கிரகாரத்தின் கட்டுகளை அவர் எழுத்தால் உடைத்தாரோ, அதே அக்கிரகாரத்தின் நடுவில், மனைவியின் உறவினர் ஆதரவில் இரண்டு ஆண்டுகள் வாழ வேண்டியிருந்தது. கழுதைக் குட்டியைத் தூக்கி முத்தமிட்டார், எல்லாரோடும் உண்டார் என்று ஊரார் கோபித்தார்கள். அவரைக் கண்டிக்க முடியாதவர்கள் யாரிடம் சொல்லியிருப்பார்கள்? தம்மைச் சேர்ந்தவர்களிடம் நன்றியோடு நடக்க வேண்டிய கடமை ஒரு பக்கம், கணவரை விட்டுக்கொடுக்க முடியாத நிலை ஒரு பக்கம் என்று அந்த இரண்டு ஆண்டுகளும் செல்லம்மாள் நடுவில் நின்றார். கடையத்திலிருந்தபோதுதான் 1920இல் பாரதியார் தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகவும், மண்ணெண்ணெய், தீப்பெட்டிபோல அவை வீடுதோறும் விற்கும் என்றும் நம்பிக்கையோடு எழுதி, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் வரவில்லை. நான்கு லட்சம் பிரதிகள் என்று அவர் கண்ட கனவை யாரும் அன்று பொருட்படுத்தவில்லை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு இது தேவைப்படும்.

1920இன் இறுதியில் மறுபடியும் சென்னை, மறுபடியும் சுதேசமித்திரன். திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடியிருந்தார்கள். இன்று அரசின் நினைவில்லமாக இருக்கும் அந்த வீட்டிலிருந்து பார்த்தசாரதி கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். கோயில் யானைக்கு வழக்கமாகத் தின்பண்டம் கொடுத்துவந்தவரை 1921இல் ஒரு நாள் அந்த யானையே தள்ளிவிட்டது; அவருடைய அன்பர் குவளைக் கண்ணன் பாய்ந்து மீட்டார். யானையால்தான் இறந்தார் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. அந்தக் காயங்களிலிருந்து தேறி, ஜூலை 31 அன்று ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்தில் போய்ப் பேசினார். பிறகு வயிற்றுக் கடுப்பு நோய் வந்தது. ஏற்கெனவே மெலிந்திருந்த உடல் தாங்கவில்லை. செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தது. வயது 38.

அந்தக் கடைசி இரவைப் பற்றி மகள் சகுந்தலா எழுதியிருப்பதை உங்கள் நாடகத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும். பாரதியார் மருந்து சாப்பிட மறுத்தார். தாம் கொடுத்தால் கோபிப்பார், மகள் கொடுத்தால் ஒருவேளை சாப்பிடுவார் என்று எண்ணிச் செல்லம்மாள் சிறுமியிடம் சொன்னார். அவளும் பக்கத்திலிருந்ததை மருந்து என்று நினைத்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, நீ கொடுத்தது மருந்து இல்லை அம்மா, கஞ்சி என்று அவர் சொன்னார். அது பார்லிக் கஞ்சி. அதற்குப் பிறகு மருந்து கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இந்தச் சிறு நிகழ்ச்சியில் அந்தத் தாம்பத்தியம் முழுவதும் இருப்பதாக எனக்குத் தோன்றும். அவரிடம் நேராகப் போய்ச் சொன்னால் நடக்காது என்று இருபத்து நான்கு ஆண்டுகளில் அறிந்துகொண்ட ஒரு பெண், குழந்தையை முன்னால் விட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்.

இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய இருபது பேர் என்று உடனிருந்தவர்கள் குறித்திருக்கிறார்கள். செல்லம்மாளுக்கு அப்போது 31 வயது. தங்கம்மாளுக்கு 17, சகுந்தலாவுக்கு 13. சொத்து என்று இருந்தவை கையெழுத்துத் தாள்கள்.

இனி உரிமை பற்றிய குறை. மறுஆண்டே, 1922இல், செல்லம்மாள் தம் சகோதரர் அப்பாத்துரையின் துணையோடு 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் பதிப்பகம் தொடங்கி, சுதேச கீதங்களை வெளியிட்டார். இதைச் சொன்னால் பலர் வியப்படைகிறார்கள். அந்தக் காலத்தில் கணவனை இழந்த ஓர் அக்கிரகாரப் பெண் அறை மூலையில் உட்காரவைக்கப்பட்டவர். அவர் அச்சகம், காகிதம், மெய்ப்பு, விற்பனை என்று இறங்கினார். கணவர் கேட்டும் கிடைக்காத முதலீடு அவருக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? கடன் ஏறியது, இளைய மகளின் திருமணமும் வந்தது. பாரதியாரின் தந்தைக்கு இரண்டாம் மனைவியிடம் பிறந்த தம்பி விசுவநாதன், ஹரிஹர சர்மா, நடராஜன் ஆகியோர் நடத்திய பாரதி பிரசுராலயம் நூல்களை அச்சிடும் பொறுப்பை ஏற்றது. 1931இல் பதிப்புரிமையும் அங்கேயே விலைக்குப் போனது. 1928இல் பாட்டுப் புத்தகங்களை அரசாங்கம் தடைசெய்து பறிமுதல் செய்ததும், சத்தியமூர்த்தி சட்டசபையில் அதைக் கண்டித்துப் பேசியதும் இடையில் நடந்தவை. அதாவது, விற்பனைக்கு வைத்த சரக்கையே போலீஸ் அள்ளிக்கொண்டு போகக்கூடிய ஒரு தொழிலைத்தான் அந்தக் குடும்பம் நம்பியிருந்தது.

இசைத்தட்டு உரிமை தனியே கைமாறிக் கடைசியில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் போனது. 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகளை நாடே பாடியது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது உரிமைத் தகராறு எழுந்தது. பாரதியை விடுவிக்க வேண்டும் என்ற கிளர்ச்சி வலுத்து, 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதி நூல்களின் உரிமையை வாங்கியது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த இசை உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். இதில் எந்த இடத்தில் செல்லம்மாள் குற்றவாளி ஆகிறார்? நான்கு லட்சம் பிரதிக்குக் கவிஞரே உதவி கேட்டபோது கையை விரித்த சமூகம், அவருடைய மனைவி கடனுக்காக உரிமையைக் கொடுத்ததைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

செல்லம்மாளே பேசியவை கொஞ்சம்தான். அவர் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதியது 'பாரதியார் சரித்திரம்'. 1951இல் திருச்சி வானொலியில் தம் கணவரைப் பற்றி அவர் ஒரு பேச்சு நிகழ்த்தினார். கவிஞருக்கு மனைவியாக இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அதில் ஒளிக்காமல் சொன்னார். அவரால் தமக்கு வந்த பெருமையையும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவரால் முடிந்தது. இவற்றோடு, புதுச்சேரியில் அந்த வீட்டுக்குள் சிறுமியாக ஓடியாடிய யதுகிரி அம்மாளின் நினைவுகளையும் சேர்த்துப் படித்தால், பெரியவர்கள் எழுதாமல் விட்ட சமையலறைப் பேச்சு கொஞ்சம் காதில் விழும். 1955இல் செல்லம்மாள் காலமானார். 24 ஆண்டுகள் மனைவியாகவும், அதற்குப் பிறகு 34 ஆண்டுகள் மகாகவியின் மனைவி என்ற பெயரைச் சுமந்தவராகவும் வாழ்ந்திருக்கிறார்.

உங்கள் நாடகத்துக்கு என் யோசனை இதுதான். அரிசிக் காட்சியை எடுத்துவிட வேண்டாம். ஆனால் அந்தச் சிறுமியைக் கத்த வைக்காதீர்கள். மேடையில் உண்மையான முறத்தில் உண்மையான அரிசியைக் கொடுத்து, திரை விலகியதும் இரண்டு நிமிடம் அவளைப் பேசாமல் ஆயச் சொல்லுங்கள். கல் பொறுக்கும் ஓசை பின்வரிசை வரைக்கும் கேட்கட்டும். பிறகு கவிஞர் வந்து அள்ளி இறைக்கட்டும், பாடட்டும். பாட்டு முடியும்வரை அவள் தரையில் மண்டியிட்டு, குருவிகள் விட்ட மணிகளை மறுபடி முறத்தில் பொறுக்கிச் சேர்க்கட்டும். நேரமிருந்தால் கடைசிக் காட்சியாக 1922ஆம் ஆண்டைப் போடுங்கள்: திருவல்லிக்கேணியில் ஒரு வீடு, அச்சகத்திலிருந்து வந்த ஈரம் காயாத மெய்ப்புத் தாள்கள், விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு அவற்றைச் செல்லம்மாள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிக்கிறார். முறத்தில் ஓடிய அதே விரல் என்பது தெரியும்படி அந்தச் சிறுமியை இரண்டு காட்சிகளிலும் ஒரே மாதிரி உட்காரச் சொல்லுங்கள்.